வந்து சேராத பெயர்கள்

1

போன வாரம் வேலையிடத்திலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டென்மார்க்குக்கு வந்த பதினொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. இந்த நாட்டில் காகிதத்தில் யாரும் எதையும் அனுப்புவதில்லை. கைப்பேசியில் ஒரு தபால்பெட்டி இருக்கிறது. வரிக் கணக்கு, மகளின் தடுப்பூசி, குப்பை எடுக்கும் நாள் மாறியது என்று எல்லாம் அதில்தான் வந்து விழும், எல்லாவற்றுக்கும் ஒரே மணிச்சத்தம். அதே சத்தத்தோடு இதுவும் வந்தது. "தீராத ஒரு கோளாறைத் தீர்ந்துவிட்டதாக நீங்கள் உறுதிசெய்தீர்கள்" என்று ஒரு வாக்கியம், அதன் கீழே நான்கு பத்திக்குச் சட்டம். வாக்கியம் உண்மை என்பதால் நான் மறுப்பு எழுதவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "வேலைய வுட்டு எடுத்துருவாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இன்னொரு தரம் பண்ணாத்தான்" என்றேன். "அப்பப் பண்ணாத" என்று சொல்லிவிட்டு, நாற்றுப் பறிக்க ஆள் கிடைக்காத கதைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது பெரிய கவலை.

ஆனால் விஷயம் என் வேலையைப் பற்றியது இல்லை. நான் அழுத்திய ஒரு பொத்தானால் இன்னொரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன். இதில் நான் ரொம்ப நல்லவளாக வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

கடலை ஒட்டிய ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். கணவருக்கு வேலை இரண்டு மணி நேரம் தள்ளி, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். மகள் கயலுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள், நான் டேனிஷில் கேட்டால் சிரிப்பாள். ஆகவே வீட்டில் நான் தமிழோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது வீட்டுச் செவிலியர் நிறுவனம் ஒன்றில். தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, மாத்திரை பிரித்து வைப்பது இதெல்லாம் எங்கள் செவிலியர்களின் வேலை. யாருக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் அலுவலகக் கணினியில் இருக்கும். செவிலியர்கள் கையில் இருக்கும் டேப்லெட் அந்தக் கணினியோடு நேராகப் பேசாது. நடுவில் ஒரு சேவை இருக்கிறது. அலுவலகப் பட்டியலில் எது மாறினாலும் அது உடனே எடுத்து இன்னொரு கணினியில் நகல் எழுதிவிடும். டேப்லெட் படிப்பது அந்த நகலை. எங்கள் தொழிலில் இதை ரெப்ளிகேஷன் என்பார்கள். இந்தச் சேவையை வேறொரு கம்பெனியிடம் வாங்கியிருக்கிறோம். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

பார்ப்பது என்றால், திரையில் ஒரு வட்டம் இருக்கும். பச்சையாக இருந்தால் ஓடுகிறது, சிவப்பானால் நின்றுவிட்டது.

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. வேதாரண்யம் பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊர் ஞாபகம் வந்து வாட்டுகிறதா என்று இங்கே இருக்கிற தமிழர்கள் என்னைக் கேட்பதுண்டு. அப்பா கூலிக்கு இறங்கிய வயலைப் பார்த்து உருக எனக்கு வராது. உருகுகிறவர்களுக்கு அங்கே நிலம் இருந்திருக்கும். ஆனால் ஒன்று மட்டும் எங்கள் ஊர் எனக்குக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் கடைமடை, வாய்க்கால் முடியும் இடம். மேலே தண்ணீர் திறந்தாச்சு என்று செய்தியில் சொல்லி இருபது நாள் கழித்தும் எங்கள் வாய்க்காலில் ஆடு மேயும். திறந்தாச்சு என்பது வேறு, வந்தாச்சு என்பது வேறு என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அப்படி இருந்தும் நான் பச்சை வட்டத்தை நம்பினேன்.

3

பொங்கல் கழிந்த வாரத்தில் முதல் புகார் வந்தது. ஒரு பாட்டிக்குக் காலை பத்து மணி என்று இருந்ததை அலுவலகத்தில் மதியம் இரண்டாக மாற்றியிருக்கிறார்கள். செவிலியர் பத்து மணிக்கே போய்ப் பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். டேப்லெட்டில் பத்து என்றுதான் இருந்தது. நான் நகலைத் திறந்து பார்த்தேன். மாற்றம் வந்து சேரவே இல்லை. வட்டம் பச்சை.

சேவைக் கம்பெனியில் டிக்கெட் போட்டேன், எண் போட்ட புகார்ப் பதிவு அது. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது. இரண்டு நாள் கழித்து ஒருவர் பதிவுக் கோப்புகளைக் கேட்டார். அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னொருவர் அதே கோப்புகளைக் கேட்டார். அனுப்பினேன். மூன்றாமவர் உங்கள் இணைய இணைப்பு சரியாக இருக்கிறதா என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்களிடமிருந்து பதில் வராததால் டிக்கெட்டை மூடுகிறோம் என்று மடல் வந்தது. மறுபடி திறந்தேன். ஒரு சான்றிதழுக்காக நான் படிக்கிற காலத்தில் ஆபீஸ் ஆபீஸாக நடந்த நடையே தேவலாம். அங்கே யாரைத் திட்டுவது என்றாவது தெரியும்.

நான்காவதாக வந்தவர்தான் ரியாஸ். கோப்பைக் கேட்காமல் நேராக அழைப்பில் வந்து, என் திரையைப் பார்த்தபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தார். அதுவரை ஆங்கிலம். ஓர் இடத்தில் தன்னை மறந்து, "அட, எங்க போயித்தான் நிக்குது இது" என்று முணுமுணுத்தார்.

"நீங்க தமிழா?" என்றேன்.

"ஆமாங்க மேடம். நீங்களுமா?"

"திருத்துறப்பூண்டி பக்கம்."

"யா அல்லா! நான் கூத்தாநல்லூருங்க."

அதோடு மேடம் போய் அக்கா வந்தது. சென்னையில் வேலை, மனைவியும் குழந்தையும் கூத்தாநல்லூரில் பெற்றோரோடு. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதிருக்கும். இரண்டே நாளில் பிடித்துவிட்டார். சேவையின் இணைப்பு அவ்வப்போது அறுந்துபோய்த் தானாகவே திரும்ப ஒட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் அலுவலகத்தில் எது எழுதப்பட்டாலும் அது நடுவில் விழுந்துவிடுகிறது. அனுப்பிய பக்கத்துக்கும் தெரியாது, வாங்குகிற பக்கத்துக்கும் தெரியாது. ஒட்டிக்கொண்டதும் பச்சை.

"அக்கா, இது எங்க பக்கத்துத் தப்புதான். உள்ள குறிப்பு எழுதிட்டேன். ஆனா சரி பண்ணி வெளிய வுடுறதுக்கு ஜூலை ஆவும்ங்கிறாங்க. அதுவரைக்கும் அடிக்கடி அறுந்துபோவாம ஒரு செட்டிங் மாத்தி வுடுறேன்."

மாற்றினார். அறுபடுவது குறைந்தது. நான் நிம்மதியானேன்.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க தம்பி."

"இந்த டிக்கெட் ரெண்டு மாசமா தொறந்தே கெடக்கு. என் பேருக்கு நேரா செவப்பாக் காட்டுது, மேல கேக்குறாங்க. நீங்க தீந்துருச்சுன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டீங்கன்னா, திங்கக்கெழம இதே விஷயத்துக்கு நானே புதுசா ஒண்ணு தொறந்துடுவேன். வேல அது பாட்டுக்கு நடக்கும்க்கா."

அமுக்கினேன். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன். ஒரு டேனிஷ்காரர் இப்படி உதவி கேட்கவும் மாட்டார், கேட்டாலும் இன்னொரு டேனிஷ்காரர் செய்யவும் மாட்டார். எனக்கு அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாகவே தோன்றவில்லை. பக்கத்து ஊர்க்காரர், நம் வேலையைப் பார்த்துக் கொடுத்தவர், வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டார். முடியாது என்றா சொல்வார்கள்?

திங்கட்கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ரியாஸ் ஊருக்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது அவரை வேறொரு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு ஈஸ்டர் விடுமுறை. புது டிக்கெட்டை அவர் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. திறப்பதற்கு எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

4

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு முன்கதை உண்டு.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது அப்பா முதன்முதலாக மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். மூன்று மா என்றால் ஓர் ஏக்கர். கிடைத்த மழையில் சம்பா நடவை முடித்துவிட்டு ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்தோம். வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் உண்டு, நல்ல மனிதர். அவர் ஒரு மத்தியானம் சைக்கிளில் வந்து நோட்டை நீட்டினார். கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்தது என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் கிடையாது.

"ரெண்டு நாள்ல வந்துரும்மா. போட்டு வுடுங்க. எனக்கு மேல காட்டணும்" என்றார்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். பிறகு நோட்டை வாங்கித் தொடைமேல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். அப்போதுதான் முதியோர் வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. அவளைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் ஆறு வீட்டில் போட்டார்கள்.

தண்ணீர் வந்தபோது பயிர் சருகாகியிருந்தது. நிவாரணப் பட்டியல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லோர் பெயரும் இருந்தது, எங்கள் தெருவில் ஏழு வீட்டின் பெயர் இல்லை. கேட்கப் போனால், தண்ணீர் வந்தது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று நோட்டைக் காட்டினார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்மா போட்ட? வரலைன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

"வேகாத வெயில்ல வந்து நிக்கிது அந்த மனுசன். மூஞ்சிக்கு நேரா எப்புடிடீ முடியாதுங்குறது?"

அம்மாவுக்குப் படிப்பில்லை, அதனால் போட்டுவிட்டாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பொறியியல் பட்டம் வாங்கி, கடல் தாண்டி வந்து, நானும் அதே இடத்தில் அதே கையெழுத்தைத்தான் போட்டிருக்கிறேன். நட்சத்திரம் வேறு.

5

எங்கள் செவிலியர்களில் மூத்தவர் கிர்ஸ்டன். அறுபத்தொரு வயது, ஒல்லியான உருவம், எந்த மழையிலும் சைக்கிள். இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் அம்மா வயதில் இருக்கிறவரைக் கிர்ஸ்டன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. முதல் ஒரு வருடம் அவர் திரும்பிப் பார்க்கும்வரை அருகில் போய் நின்று காத்திருந்தே பேசினேன். அவர்தான் ஒருநாள் சிரித்தபடி, "என் பெயர் கடிக்காது" என்றார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பௌல் என்ற முதியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். எழுபத்தொன்பது வயது, சர்க்கரை நோய், வலது காலில் புண். ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். அலுவலகத்தில் அன்று மதியம் அவர் பெயரைக் கிர்ஸ்டனின் பட்டியலில் ஏற்றினார்கள். ஒன்பது நாள் அவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. செவிலியர்களுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, நாம் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்திருக்கிறார். பத்தாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை தொடங்கியது. அலுவலகத் திரையில் ஒன்பது நாளும் பௌலின் பெயர் கிர்ஸ்டனின் பட்டியலில் இருந்தது. கிர்ஸ்டனோ ஒவ்வொரு நாளும் "எல்லா வீடும் முடிந்தது" என்று குறித்திருக்கிறார். டேப்லெட்டில் அந்தப் பெயர் இருக்கவில்லை என்றார் அவர். நகலில் கழிந்த நாட்களின் பட்டியல் தங்காது என்பதால் திறந்து பார்த்துச் சொல்லவும் வழியில்லை. மேலாளர் சேவைக் கம்பெனியிடம் எழுதிக் கேட்டார். பதில் அன்றைக்கே வந்தது, இரண்டு மாதம் என்னை அலைக்கழித்த அதே கம்பெனியிடமிருந்து: எங்கள் பக்கம் எதுவும் இழக்கப்படவில்லை, இதுபோன்ற ஒரே ஒரு புகார் மார்ச்சில் தீர்ந்துவிட்டது, தீர்ந்ததை வாடிக்கையாளரே உறுதிசெய்து ஐந்து நட்சத்திரம் அளித்திருக்கிறார்.

கிர்ஸ்டனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் விசாரணைக் கூட்டம். குற்றம் உறுதியானால் வேலை மட்டுமில்லை, செவிலியர் உரிமமும் போகும்.

பௌலின் பெயர் ஏற்றப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். இணைப்பு அறுந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் மேல் தப்பில்லை என்று.

6

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்த மார்ச் மாதப் பொத்தானையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் இங்கே தங்கும் அனுமதி என் வேலையோடு கட்டப்பட்டது. அதைப் புதுப்பிக்கும் மனு அப்போது குடிவரவு அலுவலகத்தில் முடிவாகாமல் இருந்தது. பயந்தேன். பொத்தானைப் பற்றிப் பேசாமலேயே கிர்ஸ்டனைக் காப்பாற்ற வழியிருக்கிறதா என்று தேடினேன்.

ஒரு வழி தோன்றியது. ஊரில் மேலே யாராவது மடையை வெட்டிக்கொண்டார்களா என்று சந்தேகம் வந்தால், எங்கள் தெரு ஆட்கள் வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் ஒருவரை நிறுத்தி, முடிச்சுப் போட்ட வைக்கோல் பிரிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடச் சொல்வார்கள். கடைசியில் ஒருவர் நின்று எண்ணுவார். எத்தனை வரவில்லையோ அத்தனையும் வேறு எங்கோ திரும்பிவிட்டது என்று தெரிந்துபோகும். நானும் அதைச் செய்தேன். எந்தச் செவிலியரும் போகாத ஒரு வெற்றுப் பாதையைக் கணினியில் உண்டாக்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பொய்ப் பெயரை அலுவலகப் பட்டியலில் விழ வைத்தேன். பெயருக்கு எங்கே போவது? எங்கள் தெருப் பெயர்களையே போட்டேன். தங்கராசு, அஞ்சம்மாள், மாரிமுத்து, பக்கிரிசாமி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்.

எட்டு நாளில் பதினேழு பேர் வந்து சேரவில்லை. வட்டம் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை.

மேலாளரிடம் காட்டினேன். "இந்த அஞ்சம்மாள் யார்?" என்று கேட்டார். இல்லாத நோயாளி என்றேன். அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பினார். எட்டாம் நாள் இருந்த சந்தோஷம் ஒன்பதாம் நாள் கம்பெனியின் பதிலோடு போயிற்று. இது இப்போது தோன்றிய புதுக் கோளாறாக இருக்கலாம், ஆராய்கிறோம். மார்ச்சில் இருந்த கோளாறு தீர்ந்தது என்று உங்கள் ஊழியரே உறுதிசெய்திருப்பதால், மே மாதச் சம்பவத்தை இதோடு இணைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். என் அம்மாவின் கையெழுத்தைக் காட்டியபோது எங்கள் தெரு நின்ற மாதிரி நின்றேன். கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது.

7

விசாரணைக் குழுவுக்கு ஒரு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தேன். என் டேனிஷ் கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும், வாக்குமூலத்துக்குப் போதாது. கயலிடம் திருத்தச் சொன்னேன். சமையலறை மேசையில் அவள் ஆப்பிள் தின்றபடி படித்தாள். ஒன்றரைப் பக்கம். டிக்கெட் முறைகள், சுமை, விடுமுறைக் காலம், தகவல் பரிமாற்ற இடைவெளி என்று சுற்றிச் சுற்றி எழுதியிருந்தேன்.

படித்து முடித்து, அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். "அம்மா, இதுல யாரு பட்டனை அமுக்கினது?"

"நான்தான்."

"அது இதுல இல்லையே. ஏன் அமுக்கின?"

"ஒருத்தர் உதவி கேட்டாரு. முடியாதுன்னு சொல்ல முடியல."

"சரி, அதை எழுது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளை நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, முழு டேனிஷ்காரியாகிவிட்டது என்று நான் புலம்பாத நாளில்லை. அன்றைக்கு மட்டும் அது நல்லதற்குத்தான் என்று தோன்றியது. பழையதைக் கிழித்துப்போட்டு ஆறு வரியில் எழுதினேன்.

அனுப்புவதற்கு முன் ரியாஸைக் கூப்பிட்டேன். பௌலின் காலைப் பற்றி, கிர்ஸ்டனைப் பற்றி, எல்லாம் சொன்னேன்.

"அக்கா, இதுல என் பேரு வருமா?"

"நான் அமுக்கினேன்னுதான் எழுதியிருக்கேன் தம்பி. நீங்க கேட்டீங்கன்னு எழுதல."

"அப்ப எதுக்கு அமுக்குனீங்கன்னு கேப்பாங்களே?"

"கேட்டா சொல்லித்தான் ஆவணும். நான் சொல்றத மட்டும் நம்புவாங்களான்னு தெரியல. கூட வேலை பாக்குறவங்களக் காப்பாத்த இப்ப வந்து சொல்றேன்னு நெனைப்பாங்க. அன்னிக்குக் கோளாறு தீரலங்குறதுக்கு ஆதாரம் உங்க உள்குறிப்புதான்."

"அது வெளிய போவக் கூடாதுக்கா."

"தெரியும்."

"அத்தாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான்க்கா வூட்டுக்கு வந்துருக்காங்க. எனக்கு இந்த வேல வேணும்."

எனக்கு அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யிங்க தம்பி" என்று வைத்துவிட்டேன். அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியதற்காக எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் மார்ச்சில் அவர் என்னை நிறுத்திய இடமும் அதுதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, மூடிக்கிடந்த பழைய டிக்கெட் திறந்துகொண்டது. அதில் மூன்று வரி இருந்தது. மூல காரணம் சரிசெய்யப்படாத நிலையில் இந்த டிக்கெட் மூடப்பட்டது. மூடும்படி வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டது நான். இழந்த பதிவுகள் பற்றிய என் குறிப்பை இணைத்திருக்கிறேன். கீழே ரியாஸின் முழுப்பெயர்.

உடனே நன்றி எழுதினேன். மாலையில் பதில் வந்தது, ஆங்கிலத்தில்: "அன்புள்ள மேடம், தொடர்பு கொண்டமைக்கு நன்றி." அவ்வளவுதான். வேலை போகவில்லை, வாடிக்கையாளரோடு பேசாத வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அக்கா என்று அவர் அதன்பின் என்னைக் கூப்பிடவில்லை.

8

கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் ஆறு வரியை நானே படித்தேன்; இரண்டு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன், யாரும் சிரிக்கவில்லை. ரியாஸின் மூன்று வரியைத் தொழிற்சங்கப் பிரதிநிதி படித்தார். பௌலின் குடும்பத்திடம் நிறுவனம் மன்னிப்புக் கேட்பதென்றும், கிர்ஸ்டன் மேல் குற்றம் இல்லையென்றும் முடிவானது. என்மேல் என்ன செய்வதென்று பிறகு எழுதுவதாகச் சொன்னார்கள். அதுதான் போன வாரம் வந்த கடிதம்.

நடைவழியில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிர்ஸ்டன் நின்றிருந்தார். பன்னிரண்டு நாளில் முகம் சின்னதாகியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று அவர் மெதுவாகப் பேசினார். "நான் செய்யவில்லை என்று உனக்கு எப்போது தெரிந்தது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "முதல் நாளே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியாது. பெயர் இருக்கவில்லை என்று அவர்களிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் நிச்சயமில்லாமல் ஆகிவிட்டது. பெயர் இருந்து, நான்தான் பார்க்காமல் விட்டேனோ? என் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது என் வயதில்தான். பன்னிரண்டு நாளும் அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் பேரன் பெயர் வாயில் வரவில்லை. டாக்டரிடம் ஞாபகப் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், வருகிற செவ்வாய்க்கிழமை."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். "மன்னித்துக்கொள்ளுங்கள். என் தப்புதான். உங்களுக்கு ஒன்றும் இல்லை. பெயர் வரவே இல்லை, இணைப்பு அறுந்த நேரத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பரிசோதனையை ரத்து செய்துவிடுங்கள்" என்றேன்.

அவர் என் தோளை ஒருமுறை தட்டினார். அன்றைக்கே வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள், மதியம் போக வேண்டிய வீடுகள் காத்திருந்தன. குவளையைக் கழுவி வைத்துவிட்டு மழைச்சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இல்லை, போகத்தான் போகிறேன்" என்றார். "பெயர் வரவில்லை என்று நீ சொல்வதை நம்புகிறேன். என்னைத்தான் நம்ப முடியவில்லை."